வியாபாரி வாசலுக்கே வருகிறார், விலைதான் வருவதில்லை

கொஞ்ச நாளாகவே உகாண்டாவின் சிறு பன்றி வளர்ப்போரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். நைரோபியில் இருக்கும் சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் 2010களில் அங்கே மசாகா, முகோனோ, கமுலி மாவட்டங்களில் நிறைய வேலை செய்திருக்கிறது. அதனால் படிக்க விஷயத்துக்குப் பஞ்சமில்லை. அந்தக் குறிப்புகளிலிருந்து எனக்குப் புரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

இந்த மாதிரி அறிக்கைகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் "சந்தை வாய்ப்பு". ஏழை விவசாயிக்குச் சந்தை வாய்ப்பு இல்லை, அதை ஏற்படுத்திக் கொடுத்தால் வருமானம் கூடும் என்பார்கள். கேட்டதும் நம் மனதில் ஒரு படம் வரும்: மலைமேல் ஒரு கிராமம், ரோடு கிடையாது, விளைந்த பொருளை வாங்க ஆள் கிடையாது. உகாண்டா பன்றி விஷயத்தில் இந்தப் படம் பொருந்தவே பொருந்தாது. அங்கே வாங்குகிறவர் வீட்டு வாசலுக்கே மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறார். அப்படியும் வளர்த்தவர் கைக்கு நியாயமான காசு வருவதில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

முதலில் பன்றி எதற்கு?

உகாண்டாவில் 2008ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 32 லட்சம் பன்றிகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் அது சுமார் 71 லட்சம். பதிமூன்று வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல். இவற்றில் பெரும்பகுதி பெரிய பண்ணைகளில் இல்லை. பத்து லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் ஐந்து என்று வளர்க்கின்றன.

காரணம் எளிது. பசு ஒன்பது மாதம் சுமந்து ஒரு கன்று போடும். பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள், அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். ஒரு ஈற்றில் எட்டு பத்து குட்டி போடும். மேய்ச்சல் நிலம் வேண்டாம். சர்க்கரைவள்ளிக் கொடி, வாழைக்காய்த் தோல், அடுப்படியில் மிஞ்சியது எல்லாமே தீவனம். நிலம் இல்லாதவருக்கும் கட்டுப்படியாகிற கால்நடை இது. அவசரத்துக்கு உடைக்கிற உண்டியல் என்றே சொல்லலாம். அன்றாடம் தீனி போட்டுப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

தேவைக்கும் குறைவில்லை. 2011 வாக்கில் உகாண்டாவில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 3.4 கிலோ பன்றிக்கறி சாப்பிட்டார், கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே இதுதான் அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கம்பாலாவிலும் சிறு நகரங்களிலும் சாலையோரத்தில் "போர்க் ஜாயின்ட்" எனப்படும் கறிக்கடைகள் ஏராளம். வறுத்த கறி, பக்கத்தில் தக்காளி, முட்டைக்கோஸ், மரவள்ளி, கூடவே பீர். சாயங்காலமானால் கூட்டம்தான்.

ஆக, வளர்க்கிறவரும் இருக்கிறார், சாப்பிடுகிறவரும் இருக்கிறார். நடுவில் என்ன நடக்கிறது?

கண் மதிப்பில் போகும் இருபது சதவீதம்

வியாபாரி வருகிறார். பன்றியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். ஒரு விலை சொல்கிறார். தராசு கிடையாது. எல்லாம் கண் மதிப்பு. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வியாபாரி வாரத்துக்கு எத்தனையோ பன்றியைப் பார்க்கிறவர். பார்த்த பன்றி அறுத்தபின் எத்தனை கிலோ தேறியது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் கண் தினமும் தீட்டப்படுகிறது. வளர்த்தவரோ வருஷத்துக்கு ஒன்றிரண்டு விற்கிறவர். தன் பன்றி எத்தனை கிலோ இருந்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. இப்படியிருக்க, பேரத்தில் யார் கை ஓங்கும்?

தராசு இல்லாமலே எடையைக் கணக்கிட ஒரு பழைய வழி இருக்கிறது. தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுக்க வேண்டும். இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளத்தை எடுக்க வேண்டும். இரண்டையும் மீட்டரில் எழுதிக்கொண்டு, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வருவதை 69.3ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 0.9 மீட்டர், நீளமும் 0.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.9 × 0.9 × 0.9 × 69.3, சுமார் 50 கிலோ. இந்த 69.3 என்பது நன்றாகத் தீனி தின்று வளர்ந்த பன்றிக்கான எண். மெலிந்த நாட்டுப் பன்றிக்கு அப்படியே பொருந்தாது. அதனால்தான் மேற்குக் கென்யாவிலும் உகாண்டாவிலும் கிராமத்துப் பன்றிகளையே அளந்து அந்தந்த ஊருக்கென்று தனிச் சமன்பாடுகளை உருவாக்கியிருக்கிறார்கள்.

இந்த 50 கிலோ பன்றியை வியாபாரி "40 தேறும்" என்று சொல்லி, வளர்த்தவரும் தலையாட்டிவிட்டால், ஐந்தில் ஒரு பங்கு காசு அந்த இடத்திலேயே போய்விட்டது. எட்டு மாதம் தீனி போட்டு வளர்த்ததில் ஒன்றரை மாதத்துக்கு மேலான உழைப்பு ஒரு நிமிஷப் பேச்சில் கரைந்துவிடுகிறது. புதுச் சாலை போட்டுக் கொடுத்தால் இந்தக் காசு திரும்ப வராது. ஒரு டேப் வாங்கிக் கொடுத்தால் வரலாம்.

எப்போது விற்கிறார்கள் என்பதும் ஒரு விலை

அடுத்தது நேரம். உகாண்டாவில் பள்ளிக்கூடம் வருஷத்துக்கு மூன்று பருவம். பிப்ரவரி, மே, செப்டம்பர் வாக்கில் பருவம் தொடங்கும்போது ஃபீஸ் கட்ட வேண்டும். ஒரே வாரத்தில் ஊரே விற்க நிற்கிறது. வியாபாரிக்கு இது நன்றாகத் தெரியும். அடிமாட்டு விலை என்று நாம் சொல்வோமே, அந்த விலைதான் கிடைக்கும். கறிக்குக் கிராக்கி உச்சத்தில் இருப்பது கிறிஸ்துமஸ், ஈஸ்டர் சமயத்தில். வளர்த்தவரின் அவசரமும் சாப்பிடுகிறவரின் ஆசையும் ஒரே மாதத்தில் வருவதில்லை.

"அவசரப்படாமல் கொஞ்சம் வைத்திருந்து பெரிதாக்கி விற்கலாமே?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு சுலபமான அறிவுரை இல்லை. 50 கிலோ பன்றி நாளுக்குச் சுமார் 2 கிலோ தீவனம் தின்னும். நல்ல இனம், நல்ல தீவனம் என்றால் 3 கிலோ தீவனத்துக்கு 1 கிலோ எடை கூடும். கொல்லைப்புறப் பன்றி அந்த வேகத்தில் வளராது. நாளுக்கு 200 கிராம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், 1 கிலோ எடை கூட 10 கிலோ தீவனம் போகும். தீவனம் கொடியும் தோலுமாக இருக்கும்வரை கவலையில்லை. வறண்ட மாதங்களில் பச்சை கிடைக்காமல் மக்காச்சோளத் தவிட்டைக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்துவிட்டால், காத்திருப்பதே நஷ்டம். சீக்கிரம் விற்கிற விவசாயிக்கு விவரம் போதாது என்று எளிதில் சொல்லிவிடக் கூடாது. அவர் கணக்கு பல நேரம் சரியாகவே இருக்கிறது.

பால் சொசைட்டி மாதிரி ஏன் கூடாது?

இந்த இடத்தில் நம்மில் பலருக்கும் வரும் யோசனை கூட்டுறவு. 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தொடங்கியது பால் கூட்டுறவு. அதே வழியில் நம்ம ஊர்களிலும் பால் சொசைட்டி வந்தது. காலையில் கேனை எடுத்துக்கொண்டு போனால் அளந்து, கொழுப்பைச் சோதித்து, கணக்கில் எழுதிவிடுவார்கள். இதையே பன்றிக்குச் செய்தால் என்ன?

பாலுக்கும் பன்றிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பால் தினமும் இரண்டு வேளை வரும். சொசைட்டிக்கும் விவசாயிக்கும் இடையே வருஷத்தில் 700 முறை கொடுக்கல் வாங்கல். ஒரு முறை ஏமாற்றினால் மறுநாளே தெரிந்துவிடும், நம்பிக்கையும் அப்படித்தான் சிறுகச் சிறுக வளரும். பன்றி விற்பது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை. அதிலும் மொத்தப் பணம். கூட்டுறவு "அடுத்த வாரம் பணம் தருகிறோம், விலை கொஞ்சம் கூட" என்கிறது. வாசலில் நிற்கிற வியாபாரி "இப்போதே ரொக்கம்" என்கிறார். நாளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய தாய் யாருக்கு விற்பார்? உறுப்பினர்களே வெளியே விற்றுவிட, கூட்டுறவின் லாரி பாதி காலியாகப் போகும். பாதி லாரிக்கு வாடகை முழுசு. இப்படித்தான் பல குழுக்கள் படுத்துவிடுகின்றன.

இறைச்சிக்கூடங்களின் எண்ணிக்கையும் ஒரு சிக்கல். உகாண்டா மக்களில் சுமார் 14 சதவீதம் முஸ்லிம்கள். மாடு ஆடு அறுக்கும் கூடத்தில் பன்றியை அறுக்க முடியாது, தனிக்கூடம் வேண்டும். கம்பாலாவின் நலுகொலொங்கோவில் வாம்பிஸ்ஸி என்ற கூட்டுறவு இறைச்சிக்கூடம் பல காலமாக இருக்கிறது. (லுகாண்டா மொழியில் "எம்பிஸ்ஸி" என்றால் பன்றி.) ஆனால் தொலைவான மாவட்டத்து விவசாயி ஒற்றைப் பன்றியை அங்கே கொண்டுபோனால் வண்டிக்கூலியே விலையைத் தின்றுவிடும். அதனால் பெரும்பாலான பன்றிகள் ஊருக்குள்ளேயே, பரிசோதனை எதுவும் இல்லாமல் அறுபடுகின்றன.

பன்றிக் கூட்டுறவு எங்கேயாவது ஜெயித்திருக்கிறதா? ஜெயித்திருக்கிறது, டென்மார்க்கில். 1887இல் ஜெர்மனி டென்மார்க்கின் உயிர்ப் பன்றிகளை இறக்குமதி செய்யத் தடை போட்டது. சொன்ன காரணம் நோய். உயிரோடு விற்கும் வழி அடைபட்டதும், அதே வருஷம் ஹோர்சென்ஸ் நகரத்தில் விவசாயிகள் சொந்தமாகக் கூட்டுறவு இறைச்சிக்கூடம் ஆரம்பித்து, பன்றியைப் பேக்கனாக்கி இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பார்த்து மற்ற ஊர்களிலும் தொடங்கினார்கள். இன்றைய டேனிஷ் கிரவுன் நிறுவனத்தின் வேர் அங்கேதான்.

அதை எது தாங்கிப் பிடித்தது என்று பார்த்தால் மூன்று விஷயம் தெரிகிறது. ஒன்று, உறுப்பினர் தன் பன்றிகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கூட்டுறவுக்கே கொடுத்தாக வேண்டும் என்ற ஒப்பந்தம். இரண்டாவது தீவனம். அங்கே ஏற்கெனவே பால் கூட்டுறவுகள் இருந்தன. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய பால் விவசாயிக்குத் திரும்பி வந்தது, பன்றி அதைக் குடித்து வளர்ந்தது. அதனால் சீராக, ஒரே அளவில் பன்றிகள் வந்தன. மூன்றாவது, ரயிலும் துறைமுகமும், எப்போதும் வாங்கத் தயாராக இருந்த ஒரு பெரிய நாடும். உகாண்டாவில் கூட்டுறவு என்ற பெயரை மட்டும் நட்டுவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிட்டால், மரம் எப்படி நிற்கும்?

வியாபாரியோடு கூடவே வரும் நோய்

இதுவரை சொன்னதெல்லாம் காசு விஷயம். இனி சொல்லப்போவதுதான் இந்த முடிச்சின் நடு இழை.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைப் பற்றி முதலில் விவரித்து எழுதியவர் மான்ட்கோமெரி, கென்யாவில், 1921இல். நூறு வருஷம் தாண்டிவிட்டது. மனிதருக்குத் தொற்றாது. ஆனால் கடுமையான வகை தாக்கினால் கொட்டிலில் இருக்கிற பன்றிகள் அநேகமாக எல்லாமே செத்துவிடும். மருந்து கிடையாது. வியட்நாம் 2022இல் ஒரு தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்து, 2023இல் நாடு முழுக்கப் பயன்படுத்த விட்டிருக்கிறது. ஆப்பிரிக்காவில் புழங்கும் வைரஸில் பல வகைகள் இருப்பதால், அங்கே எடுத்ததை இங்கே போட்டால் தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

இந்த வைரஸ் ரத்தத்திலும் கறியிலும் நீண்ட காலம் உயிரோடு இருக்கும். செருப்பில், கயிற்றில், வண்டியில் ஒட்டிக்கொண்டு போகும். இப்போது அந்த வியாபாரியை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒரே நாளில் பத்து வீட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்து, பன்றியைத் தொட்டுப் பார்த்து, அதே செருப்போடு அடுத்த வீட்டுக்குப் போகிறார். விலையைக் கொண்டு வருகிற அதே ஆள் நோயையும் கொண்டு வருகிறார். அவருக்கே அது தெரியாது.

ஊரில் ஒரு வீட்டில் பன்றி செத்தது என்ற செய்தி வந்ததும் என்ன நடக்கும்? தொற்றிய பன்றி சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதிகாரியிடம் சொன்னால் தடை போடுவார்கள், விற்க முடியாது, பன்றியும் செத்துவிடும். இழப்பீடு வரும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில், இன்றைக்கே பாதி விலைக்காவது தள்ளிவிடுவதுதான் அந்தக் குடும்பத்துக்குப் புத்திசாலித்தனம். எல்லா வீடும் அதையே செய்கிறது. விலை விழுகிறது. நோய் பிடித்த பன்றிகள் பக்கத்து ஊருக்கும் கறிக்கடைக்கும் போகின்றன. கடையில் மிஞ்சிய எச்சில் மறுபடி எங்கோ ஒரு பன்றிக்குத் தீனியாகிறது. ஒவ்வொரு குடும்பமும் தன்னளவில் சரியான முடிவெடுக்க, ஊர் மொத்தமும் நஷ்டப்படுகிறது.

இதனால்தான் சந்தை வேறு, நோய்த் தடுப்பு வேறு என்று பிரித்து வேலை செய்வது பலிக்காது என்று நினைக்கிறேன். பல ஊர்ப் பன்றிகளை ஓரிடத்தில் கூட்டி விற்கும் மையம் விலைக்கு நல்லது, வைரஸுக்கும் நல்லது. மாறாக, கொட்டிலுக்குள் யாரையும் விடாதே, செருப்பைக் கிருமிநாசினியில் முக்கு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், விவசாயிக்கு விஷயம் தெரிந்திருக்கும், நடைமுறை பெரிதாக மாறாது. உகாண்டாவில் அப்படிப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் காட்டுகிறது. வியாபாரி உள்ளே வந்து பார்த்தால்தானே வாங்குவார்? கதவை மூடினால் வருமானமும் மூடிக்கொள்ளும்.

நாக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள்

இதே முடிச்சு இன்னொரு வடிவத்திலும் இருக்கிறது. பன்றி நாடாப்புழு. வியாபாரிகள் பன்றியின் வாயைத் திறந்து நாக்கின் அடியில் தடவிப் பார்ப்பார்கள். பட்டாணி மாதிரி கட்டி தட்டுப்பட்டால் வேண்டாம் என்று போய்விடுவார்கள், இல்லையென்றால் விலையை அடித்துக் கேட்பார்கள். நிராகரித்த பன்றி அழிக்கப்படுவதில்லை. வேறு யாரோ மலிவாக வாங்கி எங்கோ அறுக்கிறார்கள். இந்தப் புழுவின் முட்டை மனித மலத்தின் வழியே பரவி மனிதரின் மூளையில் கட்டியானால் வலிப்பு வரும். புழு பரவலாக இருக்கும் பல பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பன்றிக்குப் போட இதற்கு நல்ல தடுப்பூசியே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து கண்டுபிடித்ததை ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் தயாரிக்கிறது. ஆக்ஸ்ஃபென்டசோல் என்ற பூச்சி மருந்தோடு சேர்த்துக் கொடுத்து கேமரூனில் நடத்திய களச் சோதனையில், ஊசி போட்ட பன்றிகளில் புழுக்கட்டியே இல்லை. ஆனால் ஊசிக்கு யார் காசு கொடுப்பது? ஊசி போட்ட பன்றியும் போடாத பன்றியும் வாசலில் ஒரே மாதிரிதான் நிற்கும். வாங்குகிறவர் ஒரு ரூபாய்கூட அதிகம் தரமாட்டார். கண்ணுக்குத் தெரியாத தரத்துக்குக் கண் மதிப்புச் சந்தையில் விலை கிடையாது.

அப்போ என்னதான் செய்யறது?

என் கையில் கொஞ்சம் நிதி இருந்தால் எந்த வரிசையில் செலவழிப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

முதலில் டேப்பும், அந்த ஊர்ப் பன்றிக்கான எடை அட்டையும், நகரத்தில் அன்றைய கறி விலையைச் சொல்லும் ஒரு குறுஞ்செய்தியும். அறுத்தபின் உயிர் எடையில் சுமார் 70 சதவீதம் தேறும் என்று தெரிந்தாலே விவசாயி மனக்கணக்கில் பேரம் பேசலாம். செலவு மிகக் குறைவு.

இரண்டாவது, கொட்டிலுக்கு வெளியே ஒரு விற்பனை நாள். மாதத்தில் இரண்டு நாள், ஊருக்கு வெளியே ஓரிடம், ஒரு தராசு. பன்றி அங்கே வரும், வந்த பன்றி அறுப்புக்கு மட்டுமே போகும், வீட்டுக்குத் திரும்பாது. வியாபாரிக்குப் பத்து வீடு அலைகிற பெட்ரோல் மிச்சம், லோடு ஒரே இடத்தில் கிடைக்கும். அதற்காக அவர் கொஞ்சம் கூடக் கொடுக்க முடியும். செருப்பும் கொட்டிலுக்குள் போகாது. எடை, விலை, நோய் மூன்றும் ஒரே ஏற்பாட்டில் சேர்கிற இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

மூன்றாவது, பள்ளி ஃபீஸுக்குச் சிறு முன்பணம். அடுத்த விற்பனை நாள் வரை தாங்கினால் போதும். இது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் பிப்ரவரி மாதத்தில் உடைந்துவிடும். பணம் பன்றியை வளர்த்தவர் கைக்கே போகிறதா என்பதையும் இங்கேயே கவனிக்க வேண்டும். தீனி போட்டது மனைவி, கணக்கு கணவர் பெயரில் என்றால், நம் ஏற்பாடு அவரிடம் இருந்த உண்டியலையும் பிடுங்கிக்கொண்டதாகிவிடும்.

நான்காவதாகத்தான் மாவட்டந்தோறும் சின்ன இறைச்சிக்கூடங்கள். முத்திரை குத்திய கறிக்குக் கறிக்கடைக்காரர் கூடுதலாகக் கொடுக்கத் தயாராகும்போதுதான் புழு ஊசிக்கான காசும் வரும். பெரும்பாலான திட்டங்கள் இதை முதலில் கட்டிவிடுகின்றன. கட்டடம் ஃபோட்டோவில் நன்றாக விழும் என்பதாலோ என்னவோ.

கடைசியாக ஒரு விஷயம். இதைப் படிக்கும்போது வியாபாரியை வில்லனாக்கத் தோன்றும். அவரும் பெரும்பாலும் கடன் வாங்கிய மோட்டார் சைக்கிளில் ஓடுகிற சின்ன ஆள்தான். வாங்கிய பன்றி வழியில் செத்தால் நஷ்டம் முழுக்க அவருக்கு. "நடுவில் இருக்கிறவனை ஒழி" என்று தொடங்குகிற எந்தத் திட்டமும், ரொக்கத்தோடு வாசலுக்கு வருகிற ஒரே ஆளையும் விரட்டிவிட்டுப் போய்விடும். தராசடியில் அவருக்கும் ஓரிடம் வேண்டும்.